கடன் அறிந்த செல்வர்: ஜாம்ஷெட்ஜி டாட்டா

செல்வம் சேர்த்தவர் பலர். சேர்த்ததை இழந்தவர் அவரினும் பலர். இழந்த நாளிலும் நாணயத்தை இழக்காதவர் மிகச் சிலரே.

தமிழில் கடன் என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பிறரிடம் பெற்றுத் திருப்பித் தரவேண்டிய பொருளும் கடன்; ஒருவன் செய்தே தீரவேண்டிய செயலும் கடன். இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி வாழ்ந்த செல்வர் ஒருவரின் வரலாற்றை இம்மலரில் எழுத விரும்புகின்றேன். அவர் தமிழர் அல்லர், கன்னடரும் அல்லர். ஆயினும் பெங்களூரில் அறிவியல் பயிலும் நாம் அனைவரும் ஏதேனும் ஒரு வகையில் அவருக்குக் கடன்பட்டவர்களே. இந்நகரத்து ஆட்டோ ஓட்டுநரிடம் இந்திய அறிவியல் கழகத்திற்குப் போகவேண்டும் என்று சொன்னால் சற்றே யோசிப்பார். டாட்டா இன்ஸ்டிடியூட் என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். அந்த டாட்டா யார்? எப்படி உயர்ந்தார்? எங்கெங்கே வீழ்ந்தார்? அவருக்குப் பின் அவர் குடும்பம் எத்தகைய இடர்களைக் கடந்தது? இவற்றை அறிவது நமக்குப் பயன் தரும்.

பிறப்பும் இளமையும்

குஜராத்தில் நவசாரி என்பது அந்நாளில் ஒரு சிற்றூர். பாரசீகத்திலிருந்து அடைக்கலம் தேடி வந்த பார்சி மக்கள் நெடுங்காலமாய் வாழும் ஊர் அது. அவ்வூரில் வழிவழியாகப் புரோகிதம் செய்துவந்த ஒரு குடும்பத்தில் 1839ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் ஜாம்ஷெட்ஜி பிறந்தார். தந்தையார் நசர்வான்ஜி, தாயார் ஜீவன்பாய். நசர்வான்ஜியே அக்குடும்பத்தில் முதன்முதலாகப் புரோகிதத்தை விட்டு வாணிகத்தை நாடியவர். ஊரை விட்டுப் பம்பாய்க்குச் சென்று, கையிலிருந்த சிறு முதலைக் கொண்டு கடை தொடங்கினார். ஆக, டாட்டா குடும்பமும் நம்மில் பலருடைய குடும்பம் போலவே பிழைப்பைத் தேடி ஊர் பெயர்ந்த குடும்பந்தான்.

மகனைக் கல்லாதவனாக வைத்திருக்கத் தந்தை விரும்பவில்லை. பம்பாய்க்கு அழைத்து எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்த்தார். 1858இல் படிப்பை முடித்த ஜாம்ஷெட்ஜி மறு ஆண்டே தந்தையின் வாணிகத்தில் இறங்கி ஹாங்காங் சென்றார். அன்று பம்பாய் வணிகர்கள் சீனாவுக்கு அனுப்பிய சரக்குகளில் முதன்மையானவை இரண்டு: ஒன்று பருத்தி, மற்றொன்று அபின். டாட்டா வாணிகத்திலும் அவ்விரண்டும் இருந்தன. அபின் வாணிகம் அன்று சட்டத்திற்கு உட்பட்டதே. எனினும் சீன மக்களைச் சீரழித்த சரக்கு அது என்பதை நாம் மறைத்துப் பேச வேண்டியதில்லை. பெரியோர் வரலாற்றை எழுதுவோர் பொன்னை மட்டும் காட்டி மாசினை மறைத்தால், படிப்போர்க்குக் கிடைப்பது கதையே அன்றி வரலாறு ஆகாது.

பருத்தி தந்ததும் பருத்தி பறித்ததும்

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்நாட்டுத் தென் மாநிலங்களின் பருத்தி இங்கிலாந்துக்குச் செல்லாமல் நின்றது. லங்காஷயர் ஆலைகள் பருத்தியின்றித் தவித்தன. இந்தியப் பருத்திக்கு என்றுமில்லாத விலை ஏறியது. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. நாள்தோறும் புதிய வங்கிகளும் புதிய கம்பெனிகளும் தோன்றின. பங்கு வாங்காதவன் அறிவிலி என்று எண்ணும் அளவுக்கு மக்கள் மயங்கினர்.

இந்நிலையில் இலண்டனில் ஒரு வங்கி தொடங்கும் எண்ணத்துடன் ஜாம்ஷெட்ஜி கப்பலேறினார். அவர் அங்கே இருந்தபோதே, 1865இல், அமெரிக்கப் போர் முடிவுற்றது. பருத்தி விலை சரிந்தது. பம்பாயில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடின. ஜாம்ஷெட்ஜியின் கையிலிருந்த பத்திரங்கள் ஒரே நாளில் வெறுந்தாள்களாயின. அயல்நாட்டில், இருபத்தாறே வயதில், பெருங்கடனாளியாய் அவர் நின்றார்.

அவர் ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தோர் ஒவ்வொருவரிடமும் தாமே சென்றார். நிலைமையை உள்ளவாறு எடுத்துரைத்தார். கடனைத் தீர்ப்பதாக உறுதி கூறினார். கடன் கொடுத்தோர் அவருடைய நேர்மையைக் கண்டு வியந்தனர். வியந்ததோடு நில்லாமல், திங்களுக்கு 20 பவுன் ஊதியத்தில் அவரையே தம் கணக்குகளைத் தீர்க்கும் அலுவலராக நியமித்தனர். கடனாளியைக் கடன் கொடுத்தோரே வேலைக்கு அமர்த்திய விந்தையை வேறெங்கே காண்போம்! பம்பாயில் இருந்த தந்தையாரோ வீட்டை விற்றுக் கடனைக் கட்டினார். குடும்பம் மீண்டும் தொடங்கிய இடத்திற்கே வந்தது. ஆனால் டாட்டா என்ற பெயருக்கு மட்டும் பழுது வரவில்லை. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான மக்கள் அப்பெயரை நம்பிப் பணம் கொடுத்ததற்கு வித்து அன்று ஊன்றப்பட்டது எனலாம்.

1868இல் ஆங்கிலேயர் அபிசீனியா மீது படை அனுப்பினர். அப்படைக்கு வேண்டிய பொருள்களை அளிக்கும் ஒப்பந்தத்தில் நசர்வான்ஜியும் பங்கு கொண்டார். போர் விரைவில் முடிந்தமையால் ஆதாயம் மிகுந்தது. அதே ஆண்டில் ஜாம்ஷெட்ஜி 21,000 ரூபாய் முதலுடன் தமக்கென ஒரு வாணிகத்தைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

நாகபுரி ஆலை

வாங்கி விற்பதில் அவர் மனம் நிறைவு கொள்ளவில்லை. நம் பருத்தி ஏன் கடல் கடந்து சென்று துணியாகித் திரும்ப வேண்டும் என்ற கேள்வி அவருள் எழுந்தது. 1869இல் பம்பாயின் சின்ச்போக்லிப் பகுதியில் நொடித்துப் போன ஓர் எண்ணெய் ஆலையை வாங்கிப் பஞ்சாலையாக மாற்றினார். இரண்டு ஆண்டுகளில் அதை நல்ல விலைக்கு விற்றுவிட்டு, லங்காஷயருக்குச் சென்று நூற்புத் தொழிலை நுணுகிக் கற்றார்.

ஆலை வைப்பதென்றால் எல்லோரும் பம்பாயிலேயே வைத்த காலம் அது. ஜாம்ஷெட்ஜி வேறு வகையாக எண்ணினார். பருத்தி விளையும் நிலம் அருகே இருக்க வேண்டும். நிலக்கரி எளிதாகக் கிடைக்க வேண்டும். சந்தைக்குச் செல்ல இருப்புப்பாதை வேண்டும். இம்மூன்றும் பொருந்திய இடமாக நாகபுரியைத் தேர்ந்தார். அங்கே அவர் வாங்கியது சதுப்பு நிலம். அதை மண் கொட்டி மேடாக்குவதைக் கண்ட செல்வர் ஒருவர், டாட்டா பொன்னை மண்ணில் புதைக்கிறார் என்று நகைத்துப் பங்கு வாங்க மறுத்துவிட்டாராம். பின்னர் அவரே, டாட்டா மண்ணைப் போட்டுப் பொன்னை எடுத்தார் என்று ஒப்புக்கொண்டதாகச் சொல்வர்.

1877 சனவரி முதல் நாள், விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசி என்று அறிவிக்கப்பட்ட அன்று, அவ்வாலை திறக்கப்பட்டது. எம்பிரஸ் ஆலை என்று அதற்குப் பெயரிட்டனர். லங்காஷயரே தயங்கிக்கொண்டிருந்த புதிய வளையக் கதிர்களை 1883இலேயே இங்கே ஓட்டிப் பார்த்தார் ஜாம்ஷெட்ஜி. 1886இல் தொழிலாளர்க்கு ஓய்வூதிய நிதி ஏற்படுத்தினார். 1895இல் விபத்துக்கு இழப்பீடு தரும் முறையைக் கொண்டுவந்தார். இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் வந்தது 1923இல். வருங்கால வைப்பு நிதிச் சட்டம் வந்தது 1952இல். சட்டம் கட்டாயப்படுத்துவதற்கு முன்னரே ஒருவர் தம் கடனை உணர்ந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

தோல்விகள் இரண்டு

வெற்றியை மட்டும் சொன்னால் இவ்வரலாறு நிறைவு பெறாது. 1886இல் பம்பாய்க்கு அருகே குர்லாவில் ஒரு பழைய ஆலையை 12½ இலட்சம் ரூபாய்க்கு வாங்கி, சுதேசி ஆலை என்று பெயரிட்டார். பொறிகள் தேய்ந்திருந்தன, கட்டடம் பழுதுற்றிருந்தது. இழப்பு மேல் இழப்பு நேர்ந்தது. பங்கின் விலை வீழ்ந்தது. வங்கி கடன் தர மறுத்தது. ஜாம்ஷெட்ஜி தம் குடும்பத்திற்கென ஒதுக்கிவைத்திருந்த அறக்கட்டளைப் பணத்தை எடுத்தார். எம்பிரஸ் ஆலைப் பங்குகள் சிலவற்றை விற்றார். அப்பணத்தைக் கொட்டிச் சுதேசி ஆலையை நிமிர்த்தினார்.

மற்றொரு தோல்வியோ மீளாத் தோல்வி. சீனாவுக்கும் சப்பானுக்கும் நூல் ஏற்றிச்செல்ல ஆங்கிலேயரின் பி. அண்டு ஓ. கப்பல் கம்பெனி மிகுந்த கட்டணம் வாங்கியது. 1893இல் ஜாம்ஷெட்ஜி சப்பானியக் கப்பல் கம்பெனி ஒன்றுடன் சேர்ந்து தம் பெயரில் கப்பல் ஓட்டினார். உடனே ஆங்கிலக் கம்பெனி தன் கட்டணத்தைப் பெயரளவுக்குக் குறைத்தது. ஆதரவு தருவதாகச் சொன்ன வணிகர்கள் மலிவான பக்கமே சாய்ந்தனர். டாட்டாவின் கப்பல்கள் நின்றன. அவை நின்ற பிறகு பழைய கட்டணம் மீண்டும் ஏறியது.

இதைப் படிக்கும் தமிழர் நெஞ்சில் தூத்துக்குடி தோன்றாமல் இராது. 1906இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இதே சூழ்ச்சிதானே நடந்தது! கட்டணக் குறைப்பு, இலவசப் பயணம், குடைப் பரிசு என்று என்னென்ன செய்தனர்! ஆனால் இருவருக்கும் உள்ள வேறுபாட்டையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். டாட்டாவுக்குக் கப்பல் போனாலும் ஆலைகள் இருந்தன. சிதம்பரனாருக்குக் கப்பல் ஒன்றே எல்லாம். டாட்டா இழந்தது பணம். சிதம்பரனார் 1908இல் சிறை சென்று செக்கிழுத்தார்; 1911இல் கம்பெனி கலைந்தது; 1936இல் வறுமையிலேயே உயிர் நீத்தார். முயற்சியில் இருவரும் ஒருவருக்கொருவர் குறைந்தவர் அல்லர். விழும்போது தாங்குவதற்கு ஒரு தளம் இருந்தவர் எழுந்தார். அது இல்லாதவர் எழ முடியவில்லை. செல்வரின் வரலாற்றைப் படித்து ஊக்கம் கொள்ளும் நாம் இவ்வுண்மையை மறத்தல் ஆகாது. வறியவனுக்கும் அத்தகைய தளம் ஒன்று வேண்டாமா? அது எங்கிருந்து வரும்? ஜாம்ஷெட்ஜி கண்ட விடையை அடுத்துக் காண்போம்.

அறிவுக்கு ஈந்த பாதி

1892இல் அவர் ஒரு கல்வி நிதியை ஏற்படுத்தினார். வெளிநாடு சென்று உயர்கல்வி பயில விரும்பும் இளைஞர்க்கு அந்நிதி பணம் தந்தது. முதலில் பார்சிகளுக்கென இருந்தது, இரண்டே ஆண்டுகளில் இந்தியர் அனைவர்க்கும் உரியதாயிற்று. அதில் ஒரு நுட்பம் உண்டு. அவர் தந்தது கொடை அன்று, கடன். படித்து வேலையில் அமர்ந்தபின் திருப்பிக் கட்டவேண்டும். கட்டிய பணம் அடுத்த மாணவனுக்குச் செல்லும். வாங்குபவன் தலைகுனிய வேண்டியதில்லை. கொடுத்த பணமும் தேய்வதில்லை. பின்னாளில் குடியரசுத் தலைவரான கே. ஆர். நாராயணன் அந்நிதி பெற்று இலண்டனில் பயின்றவர். அணுவியல் அறிஞர் ராஜா ராமண்ணாவும் அந்நிதி பெற்றவரே.

ஆனால் எல்லோரும் கடல் கடக்க இயலுமா? இந்நாட்டிலேயே ஓர் ஆராய்ச்சிக் கழகம் வேண்டும் என்று அவர் விழைந்தார். 1893இல் சப்பானிலிருந்து வான்கூவருக்குச் சென்ற கப்பலில் விவேகானந்தரும் அவரும் ஒன்றாய்ப் பயணம் செய்தனர். 1898இல் அத்துறவிக்கு எழுதிய கடிதத்தில் அப்பயணத்தை நினைவுகூர்ந்து, அறிவியல் ஆராய்ச்சிக்கான தம் திட்டத்திற்குத் துணை வேண்டினார். பம்பாயில் தமக்குரிய 14 கட்டடங்களையும் 4 மனைகளையும் அதற்கென எழுதிவைக்க முன்வந்தார். அவற்றின் மதிப்பு அந்நாளில் 30 இலட்சம் ரூபாய். அவருடைய தனிச் சொத்தில் ஏறத்தாழப் பாதி. தம் பெயரைச் சூட்ட வேண்டும் என்றும் அவர் கேட்கவில்லை.

பணம் தருகிறேன் என்று ஒருவர் நிற்க, வாங்கிக்கொள்ள அரசு தயங்கியது. அப்போதுதான் பதவியேற்கவிருந்த கர்சன் பிரபு இரண்டு ஐயங்களை எழுப்பினார். இத்தகைய உயர் ஆராய்ச்சிக்கு இந்தியாவில் மாணவர் வருவார்களா என்பது ஒன்று. வந்து படித்தால் வேலை கிடைக்குமா என்பது மற்றொன்று. முதல் ஐயத்திற்கு இன்று பெங்களூரின் ஆய்வுக்கூடங்களில் நள்ளிரவிலும் எரியும் விளக்குகளே விடை. இரண்டாவது ஐயத்தை நம்மில் பலர் இன்றும் நெஞ்சில் சுமக்கின்றோம் என்பதையும் மறைப்பானேன்!

எங்கே அமைப்பது என்ற கேள்வி எழுந்தது. நியான், ஆர்கான் முதலிய வளிகளை ஆராய்ந்த பேரறிஞர் வில்லியம் ராம்சே இந்தியாவைச் சுற்றிப் பார்த்துப் பெங்களூரையே பரிந்துரைத்தார். இங்கே நம்மவர் ஒருவர் வருகின்றார். மைசூரின் திவானாக 1883 முதல் 1901 வரை இருந்த சேஷாத்திரி ஐயர், பாலக்காட்டுப் பகுதியைச் சேர்ந்த தமிழ்க் குடும்பத்தவர். சிவசமுத்திர நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கிவைத்தவர் அவரே. 1902இல் அம்மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பிவழி சென்று கோலார் தங்கவயலை அடைந்தது. அந்த வயலின் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர் பெரும்பாலும் வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த தமிழரே. திவானும் தமிழர், சுரங்கத் தொழிலாளியும் தமிழர். கன்னட நாட்டின் ஆக்கத்தில் நம் பங்கு இவ்விரு முனைகளிலும் இருந்தது.

டாட்டாவின் கழகத்திற்கு நிலம் தர மைசூர் முன்வந்ததில் சேஷாத்திரி ஐயருக்குப் பெரும் பங்கு உண்டு. மைசூர் அரசு 371 ஏக்கர் நிலமும் ஆண்டுக்கு 50,000 ரூபாயும் அளித்தது. 1909இல் அரசாணை பிறந்தது. 1911 பிப்ரவரியில் மன்னர் கிருஷ்ணராச உடையார் கால்கோள் செய்தார். அவ்வாண்டு சூலையில் முதல் மாணவர்கள் சேர்ந்தனர். வேதியியலும் மின்தொழில்நுட்பமுமே முதற்பாடங்கள். அதைக் காண ஜாம்ஷெட்ஜியும் இல்லை. சேஷாத்திரி ஐயரும் இல்லை. 1933இல் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. இராமன் அக்கழகத்தின் முதல் இந்திய இயக்குநராய் அமர்ந்தார்.

இரும்புக் கனவு

1882இல் மத்திய இந்தியாவின் சாந்தா மாவட்டத்தில் இரும்புத்தாது இருப்பதைப் பற்றி ஒரு செருமானிய வல்லுநர் எழுதிய அறிக்கை ஜாம்ஷெட்ஜியின் கைக்கு வந்தது. அன்றே இரும்பு உருக்கும் ஆசை அவருக்குப் பிறந்தது. ஆனால் சுரங்கச் சட்டங்கள் இடம் தரவில்லை. 1899இல் கர்சன் அவற்றைத் தளர்த்தும்வரை பதினேழு ஆண்டுகள் காத்திருந்தார். 1902இல், அறுபத்து மூன்றாம் வயதில், அமெரிக்கா சென்று உருக்காலைகளைப் பார்த்தார். பேஜ் பெரின் என்னும் பொறியாளரைக் கண்டு பேசி இந்தியாவுக்கு வர இசைவு பெற்றார். அவ்வாண்டிலேயே மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், ஆலை எழுவதற்கு முன்பே ஆலையூர் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார். தெருக்கள் அகலமாயிருக்க வேண்டும்; விரைவில் வளரும் நிழல்மரங்கள் வேண்டும்; பூங்காவும் விளையாட்டு வெளியும் வேண்டும்; கோயிலுக்கும் மசூதிக்கும் தேவாலயத்திற்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்பன அவர் அறிவுரைகள்.

1903 திசம்பரில் பம்பாயில் தாஜ்மகால் ஓட்டல் திறக்கப்பட்டது. அவர் கண்ட பெருங்கனவுகளுள் அவர் கண்முன் நிறைவேறியது அது ஒன்றே. 1904 மே 19ஆம் நாள் செருமனியில் பாத் நௌஹைம் என்ற ஊரில் உயிர் நீத்தார். இரும்பாலையும், நீர்மின் நிலையமும், அறிவியல் கழகமும் அவருடைய மக்களுக்குக் கடனாக நின்றன.

மக்கள் தீர்த்த கடன்

மூத்தவர் தோராப்ஜி; இளையவர் இரத்தன். கல்விக்கென்று தந்தை சொன்ன சொத்தை அவர்கள் மீட்டுக்கொண்டிருக்கலாம். ஆவணம் முடியாமல் கிடந்தது. அவர்கள் அவ்வாறு செய்யவில்லை.

தோராப்ஜி மாட்டு வண்டியிலும் கால்நடையாகவும் காடுகளில் தாதுவைத் தேடினார். புவியியலறிஞர் பி. என். போஸ் மயூர்பஞ்சு மலையில் தாது இருப்பதை எழுதித் தெரிவித்தார். சுவர்ணரேகை, கர்காய் ஆகிய ஆறுகள் கூடுமிடத்தில் சாக்சி என்ற சிற்றூரைத் தேர்ந்தனர். முதல் திரட்ட இலண்டனுக்குச் சென்றபோது அங்கே கதவு திறக்கவில்லை. சுதேசி உணர்ச்சி பொங்கிய 1907இல் இந்திய மக்களிடமே கேட்டனர். மூன்றே வாரத்தில் ஏறத்தாழ 8,000 பேர் 2 கோடி 32 இலட்சம் ரூபாய் தந்தனர். 1912 பிப்ரவரியில் முதல் எஃகு உருண்டு வந்தது. இந்தியர் செய்யும் தண்டவாளத்தை எல்லாம் தாமே தின்பதாக முன்பு எள்ளியிருந்தார் ஓர் ஆங்கில இரயில்வே அதிகாரி. முதல் உலகப்போரில் 1,500 மைல் தண்டவாளம் இங்கிருந்தே சென்றது. 1919இல் அரசப் பிரதிநிதி அவ்வூருக்கு ஜாம்ஷெட்பூர் என்று பெயர் சூட்டினார்.

போருக்குப் பின் காற்று திசை மாறியது. ஆலையை விரிவாக்கப் பெருஞ்செலவு ஆயிற்று. வெளிநாட்டு எஃகு மலிவாய் வந்து குவிந்தது. 1923இல் சப்பானில் நேர்ந்த நிலநடுக்கத்தால் அந்நாட்டுச் சந்தையும் போயிற்று. 1924இல் ஒருநாள், தொழிலாளர்க்குக் கூலி கொடுக்கப் பணம் இல்லை என்று ஜாம்ஷெட்பூரிலிருந்து தந்தி வந்தது. தோராப்ஜி தம் தனிச் சொத்து முழுவதையும், ஏறத்தாழ ஒரு கோடி ரூபாய் மதிப்புள்ளதை, இம்பீரியல் வங்கியில் அடகு வைத்தார். மனைவி மெஹர்பாயின் நகைகளும் அதில் அடங்கும். அவற்றுள் ஒன்று ஜூபிலி வைரம். 245 காரட் எடையுள்ளது, கோகினூரைப்போல் இருமடங்கினும் பெரியது. கூலி கொடுக்கப்பட்டது. ஆலை பிழைத்தது. அந்த மெஹர்பாய், மைசூர் அரசின் கல்வித் துறைத் தலைவராயிருந்த பாபாவின் மகள். அணுவியலறிஞர் ஹோமி பாபாவுக்கு அத்தை.

இளையவர் இரத்தன் செய்த ஒன்றைத் தமிழர் மறக்கவே கூடாது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் முன்னின்றவர் பலர் தமிழ்க் கூலிகள். நாகப்பனும் தில்லையாடி வள்ளியம்மையும் அப்போரில் உயிர் கொடுத்தனர். சிறை சென்றோரின் குடும்பங்கள் பசியால் வாடியபோது, 1909இல் இரத்தன் 25,000 ரூபாய் அனுப்பினார். பின்னும் அனுப்பி மொத்தம் 1,25,000 ரூபாய் தந்தார்.

இரத்தன் 1918இலும் தோராப்ஜி 1932இலும் மறைந்தனர். இருவருக்கும் மக்கட்பேறு இல்லை. இருவர் செல்வமும் அறக்கட்டளைகளுக்கே சென்றது. மெஹர்பாய் இரத்தப் புற்றுநோயால் இறந்தமையால் அந்நோய் ஆராய்ச்சிக்கென ஒரு நிதி 1932இல் எழுந்தது. 1941இல் பம்பாயில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. 1945இல் ஹோமி பாபாவின் அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரில் தோன்றிப் பம்பாய்க்குச் சென்றது. குடும்பத்தின் ஏற்ற இறக்கம் அதன்பின்னும் தொடர்ந்தது. ஜே. ஆர். டி. டாட்டா 1932இல் தொடங்கிய விமானப் பணி 1953இல் நாட்டுடைமை ஆகி, 2022இல் திரும்பி வந்தது. 2016இல் தலைமை பற்றி எழுந்த பூசல் உச்சநீதிமன்றம் வரை சென்று 2021இல் முடிந்தது. ஆயினும் தலைமைக் கம்பெனியின் பங்குகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பகுதி இன்றும் அறக்கட்டளைகளிடமே உள்ளது.

மறுபக்கம்

சாக்சியும் அதன் அண்டை ஊர்களும் ஆளற்ற வெளிகள் அல்ல. சந்தாலர், ஹோ, பூமிஜர் என்னும் பழங்குடியினர் வாழ்ந்த நிலம் அது. ஆலை நகரத்தின் அகன்ற தெருக்கள் அவர்களுடைய வயல்களின்மேல் போடப்பட்டவை. 1920இலும் 1922இலும் 1928இலும் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1928இல் சுபாஷ் சந்திர போஸே அங்குச் சென்று நடுநின்றார். 2006 சனவரியில் ஒடிசாவின் கலிங்கநகரில், டாட்டா உருக்காலைக்கு நிலம் எடுப்பதை எதிர்த்த பழங்குடியினர் பலர் போலீசாரின் துப்பாக்கிக்கு இரையாயினர். வங்கிக்கும் பங்குதாரர்க்கும் பட்ட கடன் ஏட்டில் எழுதப்படுகிறது, தீர்க்கவும் படுகிறது. நிலம் இழந்தோர்க்குப் பட்ட கடனை எந்த ஏட்டில் எழுதுவது? ஜாம்ஷெட்ஜியின் அளவுகோலையே எடுத்து அவருடைய வழியினரை அளந்தால், தீராத பாக்கி ஒன்று இருக்கவே செய்கிறது. அவ்வாறு அளப்பது அவருக்கு இழுக்கு ஆகாது. அவர் நமக்குத் தந்த அளவுகோல் பெரிது என்பதற்கே அது சான்று.

நம் கடன்

நான் தங்கியிருக்கும் சந்தாபுரா, ஓசூர்ச் சாலையில் உள்ளது. விடியற்காலையில் பொம்மசந்திராவின் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் வண்டிகளில் தமிழ் ஒலிக்கும். தெற்கே அத்திப்பள்ளியைக் கடந்தால் தமிழ்நாடு. ஓசூரில் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை. இச்சாலையின் இருமருங்கும் நம் தந்தையர், தமையர், தமக்கையர் உழைக்கின்றனர். அவர்களுடைய மிகைநேரக் கூலியில்தான் நம்மில் பலருடைய கல்லூரிக் கட்டணம் கட்டப்பட்டது. ஆக, நாம் இருவருக்குக் கடன்பட்டவர்கள். ஆய்வுக்கூடம் அமையத் தம் செல்வத்தில் பாதியைத் தந்தவர் ஒருவர். அதன் வாயில்வரை நம்மைத் தோளில் சுமந்து வந்தவர் மற்றொருவர். முன்னவர் பெயர் கல்லில் இருக்கிறது. பின்னவர் பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டுமே இருக்கிறது.

இக்கடனை எவ்வாறு தீர்ப்பது? 30 இலட்சம் தர நம்மால் இயலாது. ஆனால் 1892இல் ஜாம்ஷெட்ஜி கண்ட வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. இவ்வளாகத்தை விட்டு வேலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் முதல் ஊதியத்தில் ஒரு பகுதியை நம் சங்கத்திடம் தரட்டும். அதைக் கொண்டு தேர்வுக் கட்டணத்திற்கும் நூலுக்கும் விடுதிக்கும் அல்லற்படும் இளையவர்க்குச் சங்கம் கடன் தரட்டும். தானமாக அன்று, கடனாகவே தரட்டும். அவர் நிமிர்ந்து வாங்குவார்; வேலை கிடைத்தபின் திருப்பித் தருவார்; அது மற்றொருவருக்குச் செல்லும். இதற்கு வைரம் வேண்டியதில்லை. வாங்கியதை மறவாத நெஞ்சு போதும்.

தோழர்களே, சிதம்பரனாரைத் தாங்க ஒரு தளம் இல்லாமற் போயிற்று. நம்மிடையே தடுமாறும் ஒரு தம்பிக்கோ தங்கைக்கோ அத்தகைய நிலை வரலாகாது. இவ்வாண்டுப் பொதுக்குழுவிலேயே இதைத் தொடங்குவோமாக!